சுங்குடிப் புள்ளியும் கேமராப் புள்ளியும்

அப்பத்தாவின் படங்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. இரண்டும் கார்த்திகை தீபத்தன்று மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் எடுத்தவை. இரண்டிலும் அதே தூண், அதே அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, காலடியில் வரிசையாக அகல் விளக்குகள். முதல் படம் 2007இல் 6 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது. இரண்டாவது 2010இல் 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது.

முதல் படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் நிழல் விழுந்த இடமெல்லாம் புள்ளி. யாரோ மணலைத் தூவிவிட்டதுபோல இருக்கும். சுவரில் அங்கங்கே சிவப்பும் நீலமுமாகத் திட்டுகள். இரண்டாவது படத்தில் அந்தத் தொல்லை கிடையாது. சுவர் நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்ததுபோல வழவழவென்று இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் சேலையிலும் புள்ளி இல்லை. சுங்குடிச் சேலைக்குப் புள்ளிதானே எல்லாம்! துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் கட்டுப்பட்ட இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். அத்தனை முடிச்சுகளையும் கேமரா அழித்துவிட்டு, வெறும் அரக்கு நிறத் துணி ஒன்றை அப்பத்தாவுக்கு உடுத்திவிட்டிருந்தது.

அந்தப் படத்தை மடிக்கணினியில் அவரிடம் காட்டியபோது கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தார். "மூஞ்சியில மாவப் பூசிவிட்ட மாதிரில்ல இருக்கு ஆத்தா" என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. புதுக் கேமரா, இரண்டு மடங்கு மெகாபிக்சல், பொட்டு இரைச்சல் இல்லாத படம். வயதானவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறு வருடம் அவர் போன பிறகு, சட்டம் போட எந்தப் படத்தைக் கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். கன்னத்துச் சுருக்கங்கள், நெற்றியில் விபூதி காய்ந்து உதிர்ந்த தடம், காதோரத்து நரைமுடி எல்லாம் முதல் படத்தில் இருந்தன. இரண்டாவதில் முகம் மெழுகுபோல இருந்தது. அவர் சொன்னது சரி. சிறிய கேமராக்களின் படத்தரம் பற்றி நான் பிறகு படித்ததும் செய்து பார்த்ததும் எல்லாம் அந்த இரவில் தொடங்கியவை.

இந்தப் புள்ளிகளை ஸ்டுடியோக்காரர்கள் கிரெய்ன்ஸ் என்பார்கள். ஃபிலிம் காலத்திலிருந்து வந்த பேச்சு அது. கேமரா வாங்குபவர்கள் நாய்ஸ் என்பார்கள். தமிழில் இரைச்சல் என்று எழுதுகிறோம். வானொலியில் நிலையம் சரியாகப் பிடிபடாதபோது பாட்டுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்குமே, அதற்கு உறவுதான் இது என்பதால் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இரைச்சல் கேமராவின் குறை என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். பெரும்பகுதி ஒளியின் குணமே. தூறல் போடும்போது முற்றத்தில் ஒரே அளவு டம்ளர்கள் நூறு வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பெய்கிறது. ஆனாலும் இரண்டு டம்ளரில் விழுந்த துளிகளை எண்ணினால் ஒரே எண்ணிக்கை வராது. ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. சராசரியாக எத்தனை துளி விழுகிறதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 துளி விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. அது கண்ணுக்குத் தெரியாது. 100 துளி மட்டுமே விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. வெறும் சுவரைப் படமெடுத்தாலும் அது புள்ளி புள்ளியாகத் தெரியும். எவ்வளவு உயர்ந்த கேமராவானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. விழும் ஒளியை மின்சாரமாக மாற்றும் சென்சாரிலிருந்து மின்னளவைப் படித்தெடுக்கும்போது மின்சுற்று சேர்க்கும் இரைச்சல் தனி. ஒளி மிகக் குறைவாக இருக்கும்போது அதுவும் கூடிக்கொள்ளும்.

ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு எண்ணைக் கூட்டினால் நாய்ஸ் வருகிறது என்று சொல்வதும் இதனால்தான் பாதி உண்மையாகிறது. எண்ணைக் கூட்டுவதால் ஒளி கூடுவதில்லை, வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது. 100இல் எடுத்த இடத்தில் 1600 வைத்தால், பதினாறில் ஒரு பங்கு ஒளியை வைத்துக்கொண்டு அதே வெளிச்சமுள்ள படத்தை உண்டாக்கச் சொல்கிறோம். துளிகள் குறைந்ததால் வந்த ஏற்ற இறக்கம் அதனுடன் சேர்ந்து பெருகுகிறது.

அப்படியானால் அகன்ற பாத்திரம் வைத்தால் நிறையத் தண்ணீர் பிடிக்கலாம் அல்லவா? சிறிய கேமராக்களின் பாடு இங்கேதான் இருக்கிறது. 35 மி.மீ. ஃபிலிமின் கட்டம் 36க்கு 24 மி.மீ. அந்தக் காலத்துச் சட்டைப்பைக் கேமராக்கள் பலவற்றில் இருந்த சென்சார் ஏறக்குறைய 5.8க்கு 4.3 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, பரப்பில் ஃபிலிம் கட்டத்தின் 35இல் ஒரு பங்கு. பெட்டியில் இந்த அளவை நேராகப் போடமாட்டார்கள். 1/2.5 அங்குலம் என்று போட்டிருக்கும். 2.5இல் ஒரு அங்குலம் என்றால் 10 மி.மீ. இருக்க வேண்டும், ஆனால் அந்தச் சென்சாரின் குறுக்களவு 7 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல்தான். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த விடிகான் குழாயின் வெளிக்கண்ணாடி அளவைச் சொல்லும் வழக்கம் அப்படியே தொடர்ந்துவிட்டது. இப்போதும் "1 அங்குல சென்சார்" என்று விற்பதன் குறுக்களவு ஏறக்குறைய 16 மி.மீ.தான். வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. படத்தரத்தைத் தீர்மானிக்கும் முதல் எண் அதுதான், அதையே புரியாத மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

விளக்கு வெளிச்சத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிறக்கண்ணாடி இருக்கும். பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். மீதி இரண்டையும் கேமரா பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு ஊகிக்கும். அகல் விளக்கின் சுடரில் சிவப்பும் மஞ்சளும் நிறைய, நீலம் மிகக் கொஞ்சம். படத்தில் வேட்டி வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று கேமரா அந்தக் கொஞ்ச நீலத்தைப் பல மடங்கு பெருக்குகிறது. இரைச்சலும் கூடவே பெருகி, ஊகத்தின் வழியாகப் பக்கத்துப் புள்ளிகளுக்கும் பரவி, திட்டுத்திட்டாக நிற்கிறது. 2007ஆம் ஆண்டுப் படத்தின் சுவரில் இருந்த திட்டுகள் அப்படி வந்தவை. கேமராவை இருட்டில் சோதிக்க வேண்டுமென்றால் ட்யூப்லைட்டுக்கு அடியில் சோதித்துப் பயனில்லை. குண்டு பல்போ விளக்கோ வேண்டும்.

சரி, இவ்வளவு இரைச்சலோடு வரும் படத்தை நிறுவனம் அப்படியே கையில் கொடுக்குமா? கேமராவுக்குள்ளேயே ஒரு துடைப்பான் இருக்கிறது. அது செய்வதைச் சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிடும். வித்தியாசம் சிறியது என்றால் அது இரைச்சலாக இருக்கும் என்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் சராசரி எடுத்துச் சமப்படுத்திவிடும். வித்தியாசம் பெரியது என்றால் அது ஏதோ பொருளின் விளிம்பு என்று விட்டுவிடும். நிறத்தில் இதைவிடக் கடுமையாகத் துடைக்கும், நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையில்.

அப்பத்தாவின் சேலை பல வருடம் துவைத்து வெளுத்தது. அரக்கும் மங்கி, புள்ளியும் பழுப்பேறி, இரண்டுக்கும் இடையில் இருந்தது மிகச் சிறிய வித்தியாசம். கடுகளவு புள்ளி, விளக்கு நிழல், அதிலும் வெளுத்த துணி. துடைப்பானுக்குச் சேலைப் புள்ளியும் இரைச்சல் புள்ளியும் ஒன்றுதான். வயதான தோலின் மெல்லிய சுருக்கமும் அப்படியே. அதைத்தான் அப்பத்தா மாவு என்றார்.

இது புரிந்த பிறகு, கேமரா ஆய்வுகளில் நான் பார்த்துவந்த சோதனைப் படங்கள் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை குறைந்தது. செய்தித்தாள் பக்கத்தையோ புத்தக முதுகுகளையோ படமெடுத்து, எழுத்து கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்பது பெரிய வித்தியாசம். துடைப்பான் அதைத் தொடாது. ஆகையால் ஐஎஸ்ஓ 1600இலும் எழுத்து பளிச்சென்று இருக்கும், பின்னால் சுவரும் சுத்தமாக இருக்கும், "அருமையான கேமரா" என்று முடிவாகிவிடும். அதே கேமராவில் குழந்தையின் தலைமுடியை எடுத்தால் கறுப்புச் சாந்து அப்பியதுபோல வரும். புல்வெளி பச்சைக் குழம்பாகும். கோயில் தூணில் உளிபட்ட சொரசொரப்பு சிமெண்டு பூசியதாகிவிடும். இரைச்சலை அளப்பவர்கள் சாம்பல் நிற அட்டையைப் படமெடுத்து ஏற்ற இறக்கத்தை எண்ணாகத் தருவார்கள். அந்த எண் குறையக் குறைய நல்லது என்று நானும் நினைத்ததுண்டு. வெறும் அட்டையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டாலும் எண் அழகாகத்தான் வரும். அழிக்க வேண்டிய எதுவும் அதில் இல்லையே.

ஆகவே நான் இப்போது படத்தில் என்ன கூடியிருக்கிறது என்று தேடுவதைவிட என்ன காணாமல் போயிருக்கிறது என்றுதான் தேடுகிறேன். இதற்குப் பொருளை நேரில் பார்த்திருக்க வேண்டும். வேறொருவர் எங்கோ எடுத்த படத்தில் எது அழிந்தது என்று எனக்குத் தெரியாது. சேலையில் புள்ளி இருந்தது தெரிந்ததால்தான் அது போனதும் தெரிந்தது.

கணினித் திரையில் பார்ப்பதிலும் ஒரு தடுமாற்றம் எனக்குப் பல நாள் இருந்தது. 12 மெகாபிக்சல், அதாவது 120 லட்சம் புள்ளி உள்ள படம் 4000 புள்ளி அகலம். அதை முழு அளவில், திரையின் ஒரு புள்ளிக்குப் படத்தின் ஒரு புள்ளி என்று வைத்துப் பார்க்கும்போது, அங்குலத்துக்கு 96 புள்ளி உள்ள சாதாரணத் திரையில் அது ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான படத்தை ஒன்றரை அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். 6 மெகாபிக்சல் படத்தை அதே மாதிரி பார்த்தால் அது முக்கால் மீட்டர்தான். இரண்டு கேமராக்களை இப்படி ஒப்பிடுவது, ஒருவரைப் பத்தடியிலும் மற்றவரை ஏழடியிலும் நிறுத்தி யார் முகத்தில் மரு அதிகம் என்று எண்ணுவதுபோல. வீட்டில் வழக்கமாகப் பிரிண்டு போடும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால்கூட 1800க்கு 1200, அதாவது 22 லட்சம் புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் படத்தைச் சுருக்கும்போது ஐந்தாறு புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகின்றன. இரைச்சல் அங்கேயே பாதிக்கும் கீழே போய்விடும். கேமராவின் துடைப்பான் எதையும் செய்திருக்க வேண்டியதே இல்லை.

ஸ்டுடியோ அண்ணனிடம் பென் டிரைவைக் கொடுத்தபோது அவர் முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒரே கிரெய்ன்ஸா இருக்கும்மா. இன்னொண்ணு நல்லாருக்கே, அதைப் போட்டுரலாமா?" என்று கேட்டார். இரண்டையும் 8க்கு 12 அளவில் போட்டுத் தரச் சொன்னேன். பிரிண்டு வந்ததும் கல்லாவின் மேல் இரண்டையும் சாய்த்து வைத்தார். முதல் படத்தில் புள்ளி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய சொரசொரப்பு மட்டும் இருந்தது, பழைய ஃபிலிம் படம்போல. முகம் முகமாக இருந்தது. இரண்டாவதில் இருந்த வழவழப்பு பிரிண்டிலும் மாறவில்லை. படத்தின் அளவைச் சுருக்கினால் இரைச்சல் குறையும். துடைத்துப் போனது எந்த அளவிலும் திரும்பி வராது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் முதல் படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார்.

முதல் படத்தை எடுத்தது ஃப்யூஜிஃபில்ம் ஃபைன்பிக்ஸ் எஃப்31எஃப்டி. அத்தான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கிவந்தது. அப்போது அதன் அருமை எனக்குத் தெரியாது. இன்றும் அந்த வரிசைக் கேமராக்களைப் பற்றிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். 2005இல் எஃப்10, 2006இல் எஃப்30, அதே ஆண்டின் பிற்பகுதியில் எஃப்31எஃப்டி. மற்ற சட்டைப்பைக் கேமராக்கள் ஐஎஸ்ஓ 400இல் திணறிக்கொண்டிருந்த காலத்தில் இவை 800இலும், முடிந்தால் 1600இலும் பார்க்கத்தக்க படம் கொடுத்தன. 1/1.7 அங்குல சென்சார், அதாவது ஏறக்குறைய 7.6க்கு 5.7 மி.மீ. முன்பு சொன்ன 1/2.5 அங்குலச் சென்சாரின் பரப்பைப்போல ஒன்றேமுக்கால் மடங்கு. அதில் 6 மெகாபிக்சல் மட்டும். துடைப்பானும் கொஞ்சம் பொறுமையானது. குறையில்லாத கேமரா என்று சொல்லமாட்டேன். வெயிலில் மரக்கிளை விளிம்புகளில் ஊதா நிறம் கசியும், ஐஎஸ்ஓ 3200 இருந்தும் நான் அதைத் தொட்டதில்லை, நினைவக அட்டையும் எளிதில் கிடைக்காத எக்ஸ்டி வகை. ஆனால் அன்று எஃப்/2.8 லென்ஸ் திறப்பில், 1/15 நொடியில், 1600இல், முழங்கையைத் திண்ணைத் தூணில் ஊன்றிக்கொண்டு எடுத்த படத்தில் அப்பத்தாவின் முகத்தை அது அழிக்காமல் வைத்தது. எனக்கு அது போதும்.

அந்த வரிசையையே அந்த நிறுவனம் 2007இலேயே 12 மெகாபிக்சலுக்குக் கொண்டுபோனது. கடைகளில் நிலைமை அப்படி இருந்தது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் கேமரா கேட்டுப் போனால் முதல் கேள்வியே எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்பதுதான். 5, 7, 8, 10, 12 என்று ஆண்டுக்கு ஆண்டு எண் ஏறியது, சென்சாரின் அளவு அப்படியே நின்றது. 2010இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் கப்பலேறின, அவற்றில் பெரும்பாலானவை லென்ஸ் கழற்ற முடியாத இந்தச் சிறிய வகை. இத்தனை கோடிப் பேரிடம் விற்பதற்கு ஒற்றை எண் வசதியாக இருந்திருக்கிறது. 2009இல்தான் ஒரு பெரிய நிறுவனம் துணிந்து எண்ணைக் குறைத்தது. கேனன் பவர்ஷாட் ஜி10இல் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அடுத்து வந்த ஜி11இல் அதே அளவு சென்சாரில் 10. பின்னாளில் அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது.

பிக்சல், அதாவது சென்சாரின் ஒரு புள்ளி, சிறியதானால் நாய்ஸ் கூடும், பெரியதானால் குறையும் என்று நான் அப்போது திட்டவட்டமாகச் சொல்லித் திரிந்தேன். அதைப் பிறகு திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சோனி 2012இல் ஆர்எக்ஸ்100 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டைப்பையில் அடங்கும் கேமராவுக்குள் 13.2க்கு 8.8 மி.மீ. சென்சார், 20 மெகாபிக்சல். அதன் ஒரு பிக்சலின் அகலம் 2.4 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). என் பழைய எஃப்31எஃப்டியில் அது ஏறக்குறைய 2.7. அதாவது புதியதன் பிக்சல்தான் சிறியது. ஆனாலும் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் எடுத்த படத்தை ஒரே அளவில் பிரிண்டு போட்டால் பழையது பக்கத்தில் நிற்க முடியாது. முற்றத்தில் பத்து டம்ளர் வைத்தாலும் இருபது வைத்தாலும், முற்றம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் மொத்தத் தண்ணீர். ஆர்எக்ஸ்100இன் சென்சார் பரப்பு பழையதைப்போல 2.7 மடங்கு. எஃப்/1.8 லென்ஸ் எஃப்/2.8ஐவிட ஏறக்குறைய 2.4 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறு மடங்குக்கு மேல் வருகிறது. இது தவிர, 2009 முதல் வேறு சில சிறிய கேமராக்களில் வரத் தொடங்கிய பின்புற ஒளிச் சென்சார்கள், மின்கம்பிகளை ஒளி வரும் பக்கத்திலிருந்து பின்னால் தள்ளி, விழும் ஒளியில் கூடுதலானதைப் பிடித்தன. டம்ளர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் குறைத்ததுபோல. மெகாபிக்சலைக் கூட்டியதில் நாங்கள் இழந்தது, நான் நினைத்ததைப்போல எல்லாம் பிக்சல் சுருங்கியதால் வந்ததில்லை. முழு அளவில் பார்க்கும்போது புள்ளி தெரியக் கூடாது என்று துடைப்பானைக் கூட்டிவைத்ததால் வந்த இழப்பு அதில் பெரிய பங்கு. இது தெரியாமல் சில நண்பர்களுக்குத் தவறாக ஆலோசனை சொல்லியிருக்கிறேன், அதில் இன்றும் வருத்தம் உண்டு.

எவ்வளவு துடைக்கிறது என்று பார்க்க நல்ல வழி, துடைப்பான் தொடாத மூலப்பதிவான ரா கோப்பைக் கேமரா தருமானால் ஒரே காட்சியை ராவிலும் ஜேபெக்கிலும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது. ராவில் இரைச்சலோடு சேர்ந்து சேலையும் இருக்கும். ஜேபெக்கில் என்ன போயிற்று என்பது அங்கேயே தெரிந்துவிடும். பழைய சட்டைப்பைக் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. கேனன் கேமரா வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஆர்வலர்கள் எழுதிய சிஹெச்டிகே என்ற மென்பொருள் இருந்தது. அட்டையில் ஏற்றினால் ரா கோப்பு கிடைக்கும். என் தோழி ஒருத்தி அப்படிச் செய்து, தன் கேமரா நான்கு வருடமாக மறைத்துவைத்திருந்த தன் அம்மாவின் பட்டுச்சேலைச் சரிகையைக் கண்டுபிடித்தாள்.

கடையில் நின்று பார்க்கும்போது இவ்வளவுக்கு நேரம் இருக்காது. நான் செய்வது, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடாமல் 800இல் நிறுத்திவிட்டு, ஃபிளாஷை அணைத்துவிட்டு, கடைக்காரர் தலைமுடி, என் உள்ளங்கை ரேகை, அலமாரிக்கு அடியில் இருக்கும் இருட்டு ஆகிய மூன்றையும் எடுப்பேன். முடியில் இழை தெரிய வேண்டும். கையில் ரேகை தெரிய வேண்டும். இருட்டில் புள்ளி இருந்தால் பரவாயில்லை, ஆனால் அது நிறமில்லாத, ஒரே சீரான பொடியாக இருக்க வேண்டும். சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் அது பிரிண்டிலும் கண்ணை உறுத்தும். அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்பதுதான் முறை. கேமராவின் பின்திரையை நம்பக் கூடாது. அந்தக் காலத்தில் 2.3 லட்சம் புள்ளி என்று போட்டிருந்த திரைகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். உண்மையில் அது 320க்கு 240. அதில் எந்தப் படமும் அழகாகத்தான் தெரியும்.

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில கேமராக்கள் ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்துக்கொண்டு ஷட்டரை மெதுவாக்கி, சுத்தமான படம் தந்ததுபோலக் காட்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருந்தால் தூணும் சுவரும் நன்றாக வரும். ஓடும் பிள்ளை மங்கலாகத்தான் வரும். மங்கலா, புள்ளியா என்று கேட்டால் நான் எப்போதும் புள்ளியைத் தேர்ந்தெடுப்பேன். சித்திரை வெயிலில் சூடேறிய கேமராவில் நீண்ட நொடிகள் வைத்து இரவுப்படம் எடுத்தால் இரைச்சல் இன்னும் கூடும். சென்சாரில் ஒளியில்லாமலே ஊறும் மின்னோட்டம் வெப்பம் ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி ஏறும் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காகும்.

இப்போது கைப்பேசிகள் ஒரு படத்துக்குப் பதில் பல படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து ஒன்றாக்குகின்றன. 9 படம் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும், 16 சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு. துடைக்காமலே இரைச்சலைக் குறைக்கும் நேர்மையான வழி இது, இதைக் கண்டு நான் மகிழ்கிறேன். அதற்கு மேலும் தோலைத் தேய்த்துவிடும் கைப்பேசிகள் இருக்கத்தான் செய்கின்றன. மாவுப் பிரச்சினை முடியவில்லை.

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பழைய வகைச் சென்சாரான சிசிடி உள்ள கேமரா ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறாள். அவள் தோழிகள் எல்லோரும் வாங்குகிறார்களாம். சிசிடி என்றால் நிறம் தனி அழகு என்று சொன்னாள். சென்சார் சிசிடியா, இப்போதைய சீமாஸா என்பதால் நிறம் வருவதில்லை, நிறக்கண்ணாடியும் உள்ளே இருக்கும் நிறக்கணக்கும் அந்தக் காலத்து நேர் ஃபிளாஷும் சேர்ந்துதான் அந்தத் தோற்றம் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் எடுத்த படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. காரணம் எதுவானாலும் அவள் படமெடுக்கிறாள், அதுவே எனக்கு நிறைவு.

சட்டம் போட்ட படத்தைக் கூடத்தில் மாட்டிய அன்று அத்தை வந்திருந்தார். படத்துக்குக் கிட்டே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் தோளுக்குக் கீழே சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு மூணாக் கட்டுன புள்ளி. இது நான் ரெண்டாவது பிள்ளைப்பேறுக்கு வந்தப்ப அம்மாவுக்கு எடுத்துக் குடுத்த சேலையில்ல?" என்றார். உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து அந்தச் சேலையை எடுத்துவந்து படத்துக்கு நேராகப் பிடித்தார். மூன்று மூன்றாகத்தான் இருந்தது. போகும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சேலை இப்போது என் பீரோவில் இருக்கிறது. எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் முதலில் நாற்காலியில் அதை மடிப்பு விழ விரித்து, 40 வாட் பல்பு ஒன்றைப் போட்டு எடுத்துப் பார்ப்பேன். அண்ணன் மகளின் கேமராவையும் போன வாரம் அப்படித்தான் பார்த்தோம். ஐஎஸ்ஓ 400 வரை புள்ளிகள் நின்றன. 800இல் மடிப்புக்குள் இருந்தவை போய்விட்டன. 400ஐத் தாண்டாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.